கையிலிருந்து வாங்கும் பை

வேல்ஸில் யாரும் யாருடைய பையையும் வாங்குவதில்லை. நான் இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, மழை பழகிவிட்டது, உப்புக்கூடப் போடாமல் அவித்த காய்கறியும் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. ரயிலிலிருந்து ஒரு விருந்தாளி இறங்குவார். கூட்டிப்போக வந்தவர் கட்டிப்பிடிப்பார், பயணம் சௌகரியமா என்று விசாரிப்பார், அப்புறம் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார். அந்த விருந்தாளி இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். ஐந்து வயதுப் பிள்ளை முதுகிலும் ஒரு பை தொங்கும். அதில் அதன் தண்ணீர் பாட்டில், அதன் ரொட்டி, அதன் மழைக்கோட்டு. பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய் யார் கையிலிருந்தாவது எதையாவது பிடுங்கிக்கொள்ளலாமா என்று எனக்குக் கை பரபரக்கும்.

நம் திண்டுக்கல்லில் அப்படியா? வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் கை நீளும், பிறகுதான் வாய் "வாங்க" என்னும். மதுரையிலிருந்து வந்த சித்தப்பாவின் தோல் பையாக இருக்கட்டும், சந்தையிலிருந்து அந்தப் பக்கமாக வந்த தெரிந்தவரின் கத்தரிக்காய்ப் பையாக இருக்கட்டும், வாங்கி உள்ளே வைத்தால்தான் வந்தவர் வந்ததாகக் கணக்கு. வாங்காமல் விட்டால் அதற்கும் பொருள் உண்டு. சண்டை போட வேண்டாம், முகத்தைக் கூடச் சுளிக்க வேண்டாம். என் அப்பா எனக்கு அதைத்தான் செய்தார்.

அப்பா முப்பது வருடம் திண்டுக்கல் – பழனி தடத்தில் பஸ் கண்டக்டர். எத்தனை ஆயிரம் பேரின் மூட்டையைக் கை கொடுத்துத் தூக்கி ஏற்றியிருப்பார், இறக்கியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவர், நான் வேல்ஸ்காரரான ரீஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது கத்தவில்லை. தேதி எல்லாம் குறித்த பிறகுதான் நான் சொன்னேன், அது என் தப்பு. "நீ எங்கிட்ட கேக்கல தாயி. தகவல் சொல்ற," என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலில் நின்றேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், "வந்துட்டியா," என்றார், மறுபடி தாளுக்குள் போய்விட்டார். அம்மாதான் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து பெட்டியை வாங்கினாள். அதற்கப்புறம் இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் அதேதான். சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வை என்று அம்மாவிடம் சொல்வார், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வருவார், பையை மட்டும் தொடமாட்டார். கேட்பவர்களுக்கு இது அற்ப விஷயமாக இருக்கலாம். எனக்கு வலித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பும் விமானத்தில் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன்.

இந்தப் பழக்கத்தை நான் வேல்ஸுக்கும் கொண்டுவந்து மாட்டிக்கொண்டது ஒரு கதை. கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பக்கம் நடக்கப் போகலாம் என்று மாமனார் டேவிட் ரீஸையும் என்னையும் கூப்பிட்டார். எங்கள் சிற்றூரிலிருந்து மூன்று மைல் தள்ளி, ஆற்று வளைவுக்கு மேலே, பாதி இடிந்த ஒரு கற்கோட்டை இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஓக் என்கிற கருவாலி மரக்காடு, காட்டைத் தாண்டினால் ஆடு மேயும் சரிவுகள். வசந்தத்தில் மரத்தடி முழுக்க நீலப்பூ. பறிக்கக் கூடாதாம், மிதிக்கவும் கூடாதாம், பார்த்துவிட்டு வர வேண்டுமாம். ஒரு முழம் பூவுக்குக் கூட அங்கே வழி இல்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கல்சுவர் குறுக்கே வரும் இடங்களில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பலகைப் படி வைத்திருப்பார்கள். ஆடு தாண்டாது, ஆள் தாண்டலாம். வேலிப்படி என்று நானாக அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். முதல் வேலிப்படி வந்ததும், அறுபத்தைந்து வயது மனுஷர் முதுகில் பையோடு ஏறுகிறாரே என்று பதறிப்போய், பின்னாலிருந்து அவருடைய சிவப்புப் பையைப் பிடித்து இழுத்தேன். மரியாதை என்று நினைத்துத்தான் இழுத்தேன். அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பை வாரை இறுக்கிக்கொண்டார். "நான் சமாளிப்பேன், நன்றி," என்றார் மிகவும் பணிவாக. அதற்கப்புறம் கோட்டை வாசல் வரை என்னைவிடப் பத்தடி முன்னாலேயே, வேகமாக நடந்தார்.

அவருக்கு வயதாகிவிட்டது என்று நான் நினைப்பதாக அவர் வருத்தப்பட்டார் என்று ரீஸ் பிறகு சொன்னார். மானமே போயிற்று எனக்கு. ஆனால் அன்று மதியம் கோட்டைச் சுவர் நிழலில் ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, நான் எல்லோருக்குமாகக் கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றைத் திறந்தேன். டேவிட் தன் ரொட்டியை அப்படியே மடித்து வைத்துவிட்டு, என் டப்பா மூடியில் வாங்கிச் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டார். இந்தக் கோட்டை பக்கத்து நாட்டு ராஜா எங்களை அடக்கக் கட்டியது, இப்போது நாங்களே காசு கொடுத்து வந்து பார்க்கிறோம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்த மனுஷரை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. அந்தக் கோட்டைக்கு இதுவரை நூறு முறையாவது அவரோடு போயிருப்பேன். அவர் பை அவர் முதுகில், என் பை என் முதுகில்.

போன தை மாதம் டேவிட் என்னோடு திண்டுக்கல் வந்தார். ரீஸுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நாங்கள் இருவர் மட்டும். என் வீடு ஒரு கோட்டைக்கு அடியிலேயே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கோ வேறு கவலை. அப்பா இவர் பையை வாங்குவாரா? வாங்காவிட்டால் இவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, ஆனால் எனக்குத் தெரியுமே. என்னை அவமதிக்கலாம், நான் அவர் பெற்ற பிள்ளை. இந்த மனுஷர் என்ன பாவம் செய்தார்?

ஆட்டோ நின்றதும் அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்தார். படி இறங்கிவந்து, "வாங்க சார், குடுங்க," என்று அந்தச் சிவப்புப் பையில் கை வைத்தார். டேவிட் பழக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா விடவில்லை. நடுத்தெருவில் இரண்டு பெரியவர்கள் ஒரு பையைப் பிடித்து இழுக்கிறார்கள், எதிர்வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். கெஞ்சாத குறையாக, விட்டுவிடுங்கள், அது வரவேற்பு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சட்டென்று விட்டார். அப்பா அதைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனார். நான் என் பெட்டியோடு நின்றேன். அம்மா வந்து வாங்கினாள். 'குடுங்க' என்றால் என்ன என்று டேவிட் கேட்டார், சொன்னேன். அன்று முழுக்க அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைக்கோட்டைக்குப் போகலாம் என்றதும் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அந்தப் பாறையின் நிழலில் இருக்கிறார், ஒரு நாளும் ஏறியதில்லை. "மேல கோயில்தான் இருக்கு, சாமி இல்ல. அம்மனக் கீழ ஊருக்குள்ள கொண்டாந்துட்டாக. வெறுங்கல்லப் பாக்க எதுக்கு ஏறணும்?" என்றார். பழனிக்கு வருடம் தவறாமல் படி ஏறுபவர்தான், அங்கே ஏறினால் முருகன் இருக்கிறான். கண்ணால் பார்ப்பதற்காகவே ஒரு மலை ஏறுவது என்பது அவர் கணக்கில் கிடையாது. நானும் டேவிட்டும் போய்வருகிறோம் என்றேன். அது அதைவிட மோசமாகிவிட்டது. வந்த மனுஷரைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார். அம்மா வயர்கூடை நிறைய இட்லியும் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சைச் சோறும் தண்ணீரும் அடுக்கிக் கொடுத்தாள்.

அடிவாரத்தில் மறுபடி இழுபறி நடந்து, அப்பாதான் ஜெயித்தார். முதுகில் வேல்ஸ் சேறு காய்ந்த சிவப்புப் பை, ஒரு கையில் வயர்கூடை, மறு கையில் வேட்டி முனை. எனக்குச் சுமக்க ஒன்றும் மிச்சமில்லை. பாறையிலேயே செதுக்கிய படிகள், பக்கத்தில் இறங்கும் சரிவு, காலை வெயிலில் கல் சூடேறிக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நின்றார், சட்டையைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தார், மறுபடி நின்றார். டேவிட் பார்த்துவிட்டார். பையைக் கேட்டால் என்ன நடக்கும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தனக்குப் பசிக்கிறது, உட்கார்ந்து சாப்பிடலாமா என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னார். அவருக்குப் பசியே இல்லை, அரை மணி முன்புதான் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தார். அப்பா மளமளவென்று கூடையை இறக்கி வைத்தார். சாப்பிட்டு முடிந்து கூடை காலியானதும், டேவிட் சாவகாசமாக எழுந்து தன் பையைத் தானே மாட்டிக்கொண்டார். அப்பா பார்த்தார், இந்த முறை கை நீட்டவில்லை. வெறுங்கூடையை நான் எடுத்துக்கொண்டேன்.

மேலே பீரங்கியையும் வெடிமருந்து அறையையும் டேவிட் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சாமி இல்லாத கோயிலின் தூணிலிருந்த சிற்பங்களின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அப்பா அதற்குள் மேற்கு மதில் ஓரம் போயிருந்தார். கீழே பேகம்பூர்ப் பள்ளிவாசல், ரயில் தண்டவாளம், தண்ணீர் மின்னும் குளங்கள், தென்னந்தோப்புகள், தூரத்தில் நீலமாகக் கொடைக்கானல் மலை. அவர் பார்த்தது அது எதையும் அல்ல. வயல்களுக்கு நடுவே போகும் ஒரு சாலையை. அதில் தீப்பெட்டி அளவில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"தாயி, அந்தா, நம்ம பழனி ரோடு," என்றார். பஸ் போகும் பக்கமே கண்ணை வைத்துக்கொண்டு, "இதத்தேன் முப்பது வருசமாப் போய்ட்டுப் போய்ட்டு வந்தனா," என்றார். உள்ளே நின்றபடி டிக்கெட் கிழித்தவர் அந்தச் சாலையை வெளியிலிருந்து முழுசாகப் பார்த்ததே இல்லை. டேவிட் பக்கத்தில் வந்து, அது எங்கே போகிறது என்று கையைக் காட்டிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே பதில் சொன்னார், அதே பழைய கண்டக்டர் ராகத்தில்: ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. டேவிட் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஒட்டன்சத்திரத்தில் நாக்கு இடறியது. "அவசரமில்ல சம்பந்தி, நிதானமாச் சொல்லுங்க," என்றார் அப்பா. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்தேன். கூடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

இறங்கும்போது அப்பா முன்னால் போய்விட்டார். வீட்டுக்குள் போய், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தார். டேவிட்டை உள்ளே அனுப்பினார். நான் தெருவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கை நீண்டது.

"குடு தாயி," என்றார்.

கொடுத்தேன். காலி டப்பாக்கள் ஆடிச் சத்தம் போடும் வயர்கூடை, அம்மாவின் கூடை, அந்த வீட்டுச் சாமான். அதை அவர் என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அம்மா அடுப்படி வாசலிலிருந்தும் டேவிட் கூடத்திலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடமாக நான் ஏங்கியது நடந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் தினம் இந்த வாசலுக்குப் பை தூக்கி வந்திருக்கிறேன், யாரும் வாங்கியதில்லை. நானே ஆணியில் மாட்டிவிட்டு ஓடிப்போவேன். வீட்டு மனுஷியிடம் யார் பை வாங்குவார்கள்? வெளியிலிருந்து வருபவர்களிடம்தானே வாங்குவோம். அப்பா என்னை மன்னித்துச் சேர்த்துக்கொண்ட அதே நிமிடத்தில் நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகவும் ஆகியிருந்தேன். இரண்டும் உண்மை, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து, மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேவிட்டும் நானும் வழக்கம் போலக் கோட்டைப் பக்கம் நடந்தோம். கருவாலி மரங்களில் இலை இன்னும் வரவில்லை. இந்த முறை முதுகுப் பை வேண்டாம் என்று, அம்மா கொடுத்தனுப்பிய வயர்கூடையில் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் வேலிப்படி வந்தது. டேவிட் தன் பையோடு ஏறி அந்தப் பக்கம் இறங்கினார், போகவில்லை, நின்றார். நான் கூடையோடு மேல் பலகையில் ஏறி, ஒரு காலைச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டேன். அவர் திரும்பி, கையை நீட்டினார்.

"குடு தாயி," என்றார், அவருடைய வேல்ஸ் நாக்கில், அப்பா இழுக்கும் அதே இழுப்போடு.

கூடையைக் கொடுத்துவிட்டேன். வெறுங்கையோடு, ஒரு கால் இந்தப் பக்கத்துப் படியிலும் ஒரு கால் அந்தப் பக்கத்துப் படியிலுமாக, சுவரின் மேல் உட்கார்ந்திருந்தேன். இறங்கலாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார். கொஞ்சம் இருங்கள் மாமா என்றேன், தமிழிலேயே.