மடி கொடுக்க ஓர் அயலூர்க்காரன்

கிருபாகரனுக்கு யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் பிடிக்காது. திருப்போரூர் மார்க்கெட்டில் காய்க்காரம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கூடுதலாகப் போட்டால், தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பான். சர்ச்சில் ஒருவர் தோளில் கை போட்டுப் பேசிவிட்டால், அவருக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யோசிப்பதிலேயே பாதி ஆராதனை போய்விடும்.

இதைக் கெட்ட குணம் என்று சொல்லிவிடுவது எளிது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக அழைக்கப்பட்டது அவர்கள்தான், பந்தல்கால் தூக்க. சாப்பாடு கடைசியில், கொல்லைப்பக்கம். முன்னே வா என்று ஒருவர் கூப்பிட்டால் அங்கே தூக்குவதற்கு ஏதோ கிடக்கிறது என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லித்தராமலே வந்த அறிவு. கிருபாகரன் ஐடிஐ படித்தான். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பைப் ஃபிட்டராக இருந்தான். பிறகு ஒப்பந்த வேலைக்குத் துருக்கி போனான். அந்த அறிவும் கூடவே போயிற்று.

மார்தின் என்ற மலையூருக்குப் பக்கத்தில் வேலை. கூடப் போன கோவளத்து சைஃபுல்லா பல வருஷம் குவைத்தில் இருந்தவன். மார்தினில் பலர் அரபி பேசுவார்கள் என்பதால் கிருபாகரனுக்கு வாயும் காதும் அவன்தான். உள்ளூர் மேஸ்திரி ஹலீல், இவர்கள் வந்த மாதத்திலிருந்தே தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கிருபாகரனிடம் நீட்டுவார். ஒருநாள் குடும்பப் படம் கேட்டு வாங்கிப் பார்த்தார். மனைவி ஜாய்ஸைக் கடந்து மகள் ஜெனிஃபரிடம் அவர் விரல் நின்றது. இவளுக்கு என்ன வயது என்று கேட்டார்.

கிருபாகரன் அதை மனதில் முடிந்துகொண்டான்.

கோடையில், மதியச் சாப்பாட்டின்போது, ஹலீல் சைஃபுல்லாவிடம் நீளமாக ஏதோ பேசினார்.

"இன்னாவாம்?"

"அவரு பையன் முராதுக்கு ஞாயித்துக்கெழம சுன்னத்தாம். ஊரே வருமாம். நீ வந்து பையன மடில வச்சிக்கணுமாம்."

"நான் இன்னாத்துக்கு? நீதான அவுங்க ஆளு?"

"அத்தான் நானும் கேட்டேன். நீதான் வேணுங்கறாரு. எங்க கோவளத்துல இந்த மடி கிடியெல்லாம் கெடையாது மச்சான். டாக்டர் வருவாரு, புள்ள கத்தும், பிரியாணி போடுவாங்க. அவ்ளோதான்."

சாயங்காலம் ஜாய்ஸிடம் போனில் சொன்னான்.

"உன்ன மதம் மாத்தத்தான் கூப்புடுறாங்க" என்றாள். "மடில வேற வச்சிக்கணுமா? கத்தி கை தவறி உன் மேல வுழுந்துடப் போவுது. கெட்டியா ஜீன்ஸ் போட்டுக்கினு போ."

"சிரிக்காத. ஜெனி வயச எதுக்குக் கேட்டாருன்னு யோசி."

சிரிப்பு நின்றது. காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைப்பவர் தாய்மாமன். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றாலும் அது மாறவில்லை.

"எங்க ஜெரோம் அண்ணன் மடில உக்கார வச்சித்தான் ஜெனிக்குக் காது குத்துனோம்" என்றாள் ஜாய்ஸ் மெதுவாக. "அவரு பையன் இப்பவே மொறப்பொண்ணு மொறப்பொண்ணுன்னு திரியறான். அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான். மடி குடுத்தா நான் மாமன். போவலன்னா மேஸ்திரியப் பகைச்சிக்கணும். போனா பொண்ணக் குடுக்கணும்."

"பதினோரு வயசுப் பொண்ணுய்யா! பேசாம பொட்டியக் கட்டிக்கினு வந்துடு."

அவன் பெட்டி கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஜீன்ஸ் போட்டுக்கொண்டே போனான்.

தெருவை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். தவிலைவிடப் பெரிய மேளம், நாயனம் போல ஒரு குழல். முராத் வெள்ளை சாட்டின் உடையில், ரோமம் தைத்த மேலங்கியும் இறகு வைத்த குல்லாவும் கையில் செங்கோலுமாகச் சின்ன ராஜா போலக் காரில் நின்று வந்தான். பின்னால் ஊர்க் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. கிருபாகரன் அண்டாக்கள் இருந்த பக்கம் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஹலீல் தேடிவந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். முதல் தட்டும் அவனுக்கே வந்தது. காரணம் தெரியாமல் கறி இறங்கவில்லை.

பிறகு உள்ளறை. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிமேல் மடியில் விரிக்க ஒரு வெள்ளைத் துணி. முராத் செங்கோலை விடாமல், உதடு வெளுத்து நின்றான். கிருபாகரன் உட்காரவில்லை.

"சைஃபு, மொதல்ல இத்த சொல்லு. நான் மடில வச்சிக்கறேன். ஆனா நாளைக்கு என் பொண்ண இவனுக்குக் கேக்கப்படாது."

"டேய், டாக்டர் ரெடியா நிக்கறாருடா. இப்பப் போயி..."

"சொல்லு."

சைஃபுல்லா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹலீலின் முகம் சிவந்தது. படபடவென்று பேசினார்.

"கேட்டதே பாவமாம் மச்சான். மடி குடுக்கறவனுக்கு இங்க கிர்வேன்னு பேராம். பையன் ரத்தம் உன் மடில வுழுந்தா ரெண்டு வூடும் ஒரே ரத்தமாம். அப்புறம் ரெண்டு வூட்டுக்கும் நடுவுல கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதாம்."

"அப்ப ஜெனி வயச எதுக்குக் கேட்டாரு?"

"பையனுக்கு அக்காவா தங்கச்சியான்னு தெரிஞ்சிக்கத்தான்."

கிருபாகரன் துணியைக் கையில் எடுத்தான், உட்காரவில்லை. "சரி. ஊர்ல இத்தினி பேரு கீறாங்க. நான் எதுக்கு?"

இந்தமுறை ஹலீல் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னார். சைஃபுல்லாவும் தயங்கினான்.

"உள்ளூர்ல யாரக் கூப்டாலும் அந்த வூட்டோட சம்பந்தம் பண்ண முடியாம பூடும். இவுருக்கு அஞ்சு புள்ளைங்க. எதுக்கு ஒரு நல்ல வூட்ட அடச்சிக்கணும்? உன்னக் கூப்டா ஒன்னும் போவாது. நீ எப்டியும் சம்பந்தி ஆவப்போறதில்ல."

நண்பன் வெளியே போய்விடுவான் என்றுதான் சைஃபுல்லா நினைத்தான். ஹலீலும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கிருபாகரன் முகம் தெளிந்துவிட்டது.

"அப்டி சொல்லு! இத்த மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு தட்டு சாப்ட்டிருப்பேன்ல?"

உட்கார்ந்து துணியை மடியில் விரித்துக்கொண்டான். முராத் ஏறி உட்கார்ந்து, செங்கோலை விட்டுவிட்டு, கிருபாகரனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். வெளியே மேளம் பலத்தது. துணியில் ஒரு சொட்டு விழுந்தது. "முடிஞ்சிட்ச்சிடா நைனா, முடிஞ்சிட்ச்சி" என்று கிருபாகரன் தமிழில் சொல்லிக்கொண்டேயிருந்தான். பையனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

அன்பு என்றால் நம்பாதவன், தோது என்று கேட்டதும் மடியைக் கொடுத்தான். இதைப் பெருந்தன்மை என்று சொல்ல முடியவில்லை. ஹலீல் செய்ததையும் அப்படிச் சொல்ல முடியவில்லை. இருவரும் உண்மை பேசினார்கள், அவ்வளவுதான்.

ஒப்பந்தம் முடிந்து கிருபாகரன் திரும்பிவிட்டான். இப்போது அணுபுரத்தில் குழாய் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹலீல், சைஃபுல்லாவையும் இணைத்துக்கொண்டு, வீடியோவில் கூப்பிடுகிறார். முராத் விழுந்த பல்லைக் காட்டுகிறான், ஜெனிஃபரை "அக்கா" என்கிறான். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"இன்னாத்துக்குக் கூப்புடுறாரு?" என்பான் கிருபாகரன், போனை வைத்ததும். "சுன்னத்தும் முடிஞ்சிட்ச்சி, வேலையும் முடிஞ்சிட்ச்சி. இப்ப அவுருக்கு இன்னா தோது?"

"பேசறதுக்குக் கூப்புடுறாரு" என்பாள் ஜாய்ஸ்.

"சும்மாவா?"

"சும்மாதான்யா."

அவன் நம்பவில்லை. இத்தனை மாதமாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறான், கிடைக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு சாயங்காலமானால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறான்.