ஹார்மென் எழுதாமல் விட்ட பக்கம்

படகு தாண்டிய கையோடு ஹார்மென் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவிடுவார். பாலம் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. ‘நீலப் படகு. ஜெர்மன் ஜோடி. நாய்க்கு மூன்று கால். நாயின் பெயர் கேட்க மறந்துவிட்டேன்.’ மறந்ததையும் மறக்காமல் குறித்துக்கொள்வது அவர் வழக்கம்.

டச்சு மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில் ஏரிக்குப் போகும் கால்வாயொன்றில் அவர் பாலம் திறப்பவர். படகு வந்தால் சாலையை மறித்துப் பாலத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்துக்கு முன்பெல்லாம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருடத்துக்கு முன் மகள் அவர் போனில் ஒரு குறிப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். மனிதர் அன்றோடு கெட்டார்.

எந்த டப்பாவில் எந்தத் திருகாணி, எந்தச் சட்டைக்கு எந்தப் பொத்தான், எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். ‘கொட்டகைச் சாவி’ என்று தொட்டால், எப்போதோ அதை இரவல் வாங்கிய பக்கத்து வீட்டு கிரேத்தா வருவார். கிரேத்தாவைத் தொட்டால் அவருடைய இடுப்பு அறுவை சிகிச்சை. அதைத் தொட்டால் மருத்துவமனையில் வண்டி நிறுத்த நல்ல இடம். போன வாரம் இப்படி முக்கால் மணி நேரம் சாவியைத் தேடினார்.

“கதவுலயே தொங்குது ஹார்மென்” என்றார் மனைவி ரென்ஸ்கெ.

“அதத்தான் எழுதாம விட்டுட்டேன்” என்று உடனே எழுதிக்கொண்டார்.

அவர் செய்ததிலேயே பெரிய அட்டூழியம், கழிப்பறையில் தொங்கிய பிறந்தநாள் காலண்டரைக் கழற்றியது. அந்த ஊரில் காலண்டர் அங்கேதான் தொங்கும். தினமும் தவறாமல் எல்லோரும் போகிற இடம் அது ஒன்றுதானே. முப்பது வருடப் பெயர்களையும் செயலியில் ஏற்றிவிட்டுக் காலண்டரைப் பழைய தாளோடு போட்டுவிட்டார். “இப்போ உள்ள போய் உக்காந்தா செவுரத்தான் பாக்க வேண்டியிருக்கு” என்று ரென்ஸ்கெ இன்னமும் புலம்புகிறார்.

யார் வீட்டு விழாவுக்குப் போனாலும் ஹார்மென் முதலில் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே நின்று அன்றைக்கு வந்திருக்கிற ஆட்களைப் பற்றிய குறிப்பை ஒரு முறை ஓட்டிவிட்டு, பளிச்சென்ற முகத்தோடு வெளியே வருவார். ஹார்மென் மாதிரி அக்கறையாக விசாரிக்கிற மனிதர் உண்டா என்று தெருவே மெச்சிக்கொண்டிருந்தது, போன புதன்கிழமை வரைக்கும்.

ரென்ஸ்கெவுக்குச் சனிக்கிழமை அறுபது வயது. அழைப்பைப் பதினான்கு வீட்டுக்கும் செயலியிலிருந்தே அனுப்புகிறேன் என்று உட்கார்ந்த ஹார்மென், ‘அழைப்பு’ என்ற பக்கத்துக்குப் பதிலாக ‘ஆட்கள்’ என்ற ஏட்டை முழுதாக அனுப்பிவிட்டார்.

‘ஓன்னோ: விலாங்கு மீன் கதை சொல்வார். மூன்றாவது நிமிடத்தில் சிரிக்கவும்.’ ‘கிரேத்தா: கேக் வேண்டாம் என்பார். இரண்டாம் முறை கேட்கவும். மூன்றாம் முறை கேட்கத் தேவையில்லை, தானே எடுத்துக்கொள்வார்.’

தெரு ஒரு நாள் முழுக்கக் கொதித்தது. இரண்டாம் நாள் வேறு மாதிரிக் கொதித்தது.

“எனக்கு மூணே வரி, அந்த ஓன்னோவுக்குப் பதினொண்ணா?” என்று கிரேத்தா வாசலில் வந்து நின்றார். “அவன் என்னத்தக் கிழிச்சிட்டான்?”

பின்னாலேயே வந்த ஓன்னோ, “யோவ், அந்தக் கதைக்கு ரெண்டாவது நிமிஷத்துலயே சிரிப்பு வரும்யா. மாத்தி எழுது” என்றார்.

ஹார்மென் பணிவாகத் திருத்திக்கொண்டிருந்தார். வந்தவர்கள் போன பிறகு ரென்ஸ்கெ தன் போனில் அந்த ஏட்டைத் திறந்து தன் பெயரைத் தேடினார். இருந்தது. பெயர், பிறந்த தேதி, அவ்வளவுதான். கீழே வெள்ளையாகக் கிடந்தது.

“மூணு கால் நாய்க்கு ஒரு பக்கம். எனக்கு ஒண்ணுமில்லையா?”

“உன்னப் பத்தி எழுத என்ன இருக்கு?” என்றார் ஹார்மென். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது போல் அவசரமாகச் சேர்த்தார்: “எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“எல்லாமா?”

“எல்லாம்தான்” என்று சொல்லி, ரென்ஸ்கெ முன்னால் காப்பியை வைத்தார். பால் காப்பி.

ரென்ஸ்கெ காப்பியில் பால் சேர்ப்பதை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது. முதல் வாரம் சொல்ல மறந்தார். அப்புறம், எப்போதுதான் கவனிக்கிறார் பார்ப்போமே என்று வேடிக்கையாக விட்டார். நாளாக ஆக வேடிக்கை வைராக்கியமாகிவிட்டது. ஹார்மென் கொண்டுவந்து வைக்கும் காப்பியை ஜன்னலோர ஜெரேனியம் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு, தனக்கு வேறு போட்டுக்கொள்வார். அன்று ஊற்றும்போது அவருக்கு வேடிக்கையாக இல்லை. நிஜமாகவே வலித்தது.

சனிக்கிழமை காலை பெட்டியோடு கிளம்பிவிட்டார். அக்கா வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். பஸ் இருக்கிறது. ஆனாலும் ஓன்னோவின் படகில்தான் ஏறினார். படகென்றால் ஹார்மென் தன் கையாலேயே பாலத்தைத் திறந்து அவரை அனுப்பியாக வேண்டும்.

படகு பாலத்தடிக்கு வந்தது. சிவப்பு விளக்கு மாறவில்லை. ஹார்மென் மேலே நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திறப்பா, பின்னாடி ரெண்டு படகு நிக்குது!” என்று ஓன்னோ கத்தினார்.

மேலேயிருந்து தூண்டில் கம்பு ஒன்று நீண்டது. அதன் கயிற்றில் ஒரு மரச்செருப்பு தொங்கும். படகுக்காரர்களிடம் பாலக் காசு வாங்குவதற்கு ஹார்மென் அதைத்தான் இறக்குவார். இப்போது அதற்குள் அவருடைய போன் இருந்தது. குளிக்கும்போதுகூடக் கண்ணெதிரே வைத்துக்கொள்கிற போன் தண்ணீருக்கு மேல் ஒற்றைக் கயிற்றில் ஆடியபடி வந்தது. ரென்ஸ்கெ எடுத்துப் பார்த்தார். தன்னுடைய பக்கம். இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

“ராத்திரியெல்லாம் எழுதப் பாத்தேன்” என்றார் ஹார்மென் மேலேயிருந்து. “எது இப்பவும் சரி, எது பழசுன்னு தெரியல. நீயே எழுதிடு.”

பின்னால் ஒரு படகு ஒலியெழுப்பியது. ரென்ஸ்கெ ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார், போனை மரச்செருப்பில் வைத்தார். அது மேலே போயிற்று.

‘காப்பிக்குப் பால் வேண்டாம். பதினோரு வருடமாக.’

ஹார்மென் அதை வாய்விட்டே படித்தார். “அப்போ நான் தினமும் வெச்ச காப்பி?”

“ஜெரேனியத்தக் கேளு!”

ஓன்னோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நிமிடமெல்லாம் ஆகவில்லை. ஹார்மென் போனைக் கைப்பிடிச் சுவரிலேயே வைத்துவிட்டு, பாலத்தை இயக்கும் கூண்டுக்குள் போனார். ஒருவழியாகப் பாலம் திறக்கப்போகிறது என்று மூன்று படகுக்காரர்களும் இன்ஜினை முடுக்கினார்கள்.

பாலம் அசையவில்லை. கூண்டு ஜன்னல் திறந்தது. ஒரு கை வெளியே நீண்டு பால் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தது. பால் முழுதும் கால்வாயில் கொட்டித் தீர்ந்தது. பிறகு மரச்செருப்பு மறுபடியும் இறங்க ஆரம்பித்தது. இந்த முறை மிக மெதுவாக, ஆடாமல். உள்ளே பிளாஸ்க் மூடியில், ஆவி பறக்க, கறுப்புக் காப்பி.