ஷீலாவின் ஹிந்தி

இல்லவே இல்லை. ஹேவ்லாக் ரிசார்ட்டில் வேலை செய்யும் எந்தப் பையனோடும் ஷீலா ஓடவில்லை. ஜங்லிகாட்டில் தையல் கடை வைத்திருக்கும் மங்கையர்க்கரசி, "நான் கண்ணால பாத்தேங்க்கா, படகு ஏற்ற ஜெட்டியில ரெண்டு பேரும் ஒட்டி நின்னாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாளே, அன்றைக்கு ஷீலா பக்கத்தில் நின்றவர் டிக்கெட் கிழிக்கிறவர். அவர் பேரன் எடுத்து நாலு வருஷம் ஆகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஊழியக்காரப் பெண்ணுக்கு ஹிந்தி வராது, மைக்கில் உளறிக் கொட்டினாள், அதனால்தான் சபையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்கிறது. இதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். தீவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ஹிந்தி வராதா? கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற நல்லதம்பியின் மகள் அவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி. சண்டை போட வாயைத் திறந்தால் அவளுக்கு ஹிந்திதான் முதலில் வந்து விழும்.

இருபத்திரண்டு வயதில் பாஸ்டர் அன்பழகனின் சபைக்கு ஊழியத்துக்கு வந்தாள். சர்க்கார் நௌக்ரிக்கு, அதாவது அரசாங்க வேலைக்கு, ஃபாரம் வாங்கி வைத்துக்கொண்டு அப்பன் கெஞ்சினார், கேட்கவில்லை. இந்த வேலையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நின்றாள். ஊழியம் என்றால் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பது என்று நினைக்கிறவர்கள் அவளோடு ஒரு நாள் நடந்து பார்த்திருக்க வேண்டும். பாஸ்டர் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட ஹால்தான் சபை. ஹாலின் பின்னால் ஓர் அறை அவளுக்கு. மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து மேலே ஏற்றுவாள். ஹாலைக் கூட்டுவாள். அப்புறம் சாத்தமில் ஃபெர்ரி ஏறி அக்கரைக்கு, பாம்பூஃப்ளாட்டுக்குப் போவாள். அங்கே தனியாகக் கிடக்கிற வயசானவர்களுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது, மாத்திரை வாங்கித் தருவது, தலை சீவி விடுவது. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்பாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். தலை மட்டும் சீவுவாள்.

பொய் மட்டும் வராது. தம்மாத்துண்டு பொய்கூட. பாஸ்டர் அசந்து படுத்திருக்கும்போது யாராவது தேடி வந்தால், "வெளிய போயிருக்கேன்னு சொல்லும்மா" என்பார். இவள் வாசலுக்குப் போய், "உள்ளதான் படுத்திருக்காரு, உங்களப் பாக்க இப்ப முடியாதாம்" என்பாள். பாஸ்டருக்குத் தலை நரைத்தது வயசால் இல்லை.

பாம்பூஃப்ளாட்டில் ராசம்மா என்று ஒரு விதவை. ஜெட்டிப் பாசியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் ஷீலாதான் தினமும் போய்ப் பார்த்தாள். சுவரில் முருகன் படம் மாட்டியிருந்தது. படத்தைப் பற்றி ஷீலா ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி பாப்பா, எனக்கொண்ணும் கொறஞ்சு போயிடாது" என்று ராசம்மாவே கேட்டு, ஷீலா ஜெபம் பண்ணினாள். கட்டைப் பிரித்தார்கள். ராசம்மா கம்பு ஊன்றி நடந்தாள். இவ்வளவுதான் விஷயம்.

இது பாஸ்டர் காதுக்குப் போனது. பாஸ்டரிடமிருந்து, கூட்டம் நடத்த மெயின்லேண்டிலிருந்து வந்த பிரசங்கியார் காதுக்குப் போனது. போகிற வழியில் ஆறு வாரம் ஆறு மாதம் ஆகிவிட்டது.

கூட்டத்தில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேருக்கு ஹிந்திதான். அதனால் பிரசங்கியார் தமிழில் ஒரு வரி சொல்ல, ஷீலா பக்கத்தில் நின்று ஹிந்தியில் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அவர், பாஸ்டர் வரச்சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்திருந்த ராசம்மாவைக் கைகாட்டினார்.

"ஆறு மாதம் படுத்த படுக்கையாய்க் கிடந்த தாய் இவர்!"

ஷீலா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஹிந்தியில் சொன்னாள்: "கால் முறிந்து இந்த அம்மா ஆறு வாரம் வீட்டில் இருந்தார்."

"மருத்துவர்கள் கைவிட்ட கால்!"

"டாக்டர் நல்லபடியாகக் கட்டுப் போட்டார்."

"ஜெபித்த அதே நிமிஷம் எழுந்து நடந்தார்!"

"தினமும் ஜெபம் பண்ணினோம். கட்டைப் பிரித்ததும் நடந்தார்."

இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராசம்மாவுக்கு இரண்டும் தெரியும். அவளும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஹிந்தியில், "பொண்ணு சொல்றதுதாங்க சரி. டாக்டர் எங்கங்க கைவிட்டாரு? திங்கக்கெழம கூட வரச் சொல்லியிருக்காரு" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஹிந்தி தெரியாத பிரசங்கியார் தன் பிரசங்கத்துக்குத்தான் இந்தச் சந்தோஷம் என்று நினைத்து, "அல்லேலூயா!" என்று கையைத் தூக்கினார்.

அன்று சாயங்காலமே யாரோ அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்கள். மறுநாள் அவர் விமானம் ஏறும்வரை பாஸ்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாஸ்டர் ஷீலாவைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம எழுந்து நின்னு ஒரே வார்த்த சொல்லிடும்மா. எனக்கு ஹிந்தி சரியா வரல, மாத்திச் சொல்லிட்டேன்னு. முடிஞ்சுது."

"என் ஹிந்தில என்ன தப்பு, பாஸ்டர்?"

"தப்பே இல்லம்மா! அதானே என் தலைவலி!"

"அவரு சொன்னதுதான் தப்பு."

"விருந்தாளிம்மா அவரு. நீ அந்த அம்மாவுக்காக ஜெபம் பண்ணியா இல்லையா?"

"பண்ணேன். டாக்டருக்கும் சேத்துதான் பண்ணேன். கர்த்தர் செஞ்சதுக்கு மேல நாம எதுக்கு ஒட்டுப் போடணும்? அவருக்கு என்ன கொறச்சல்?"

பாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பிரசங்கியாரை வரவழைக்க ஒரு வருஷம் கடிதம் எழுதியவர். "சொல்ல மாட்டேன்னா நீ இங்க இருக்க முடியாதும்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவள் அறைக்குள் போய் அழுதாள். ஞாயிறு பள்ளியில் அவள் பாடம் சொல்லித் தந்த பிள்ளைகளை நினைத்து அழுதாள். மாடியேற்றிய தண்ணீரை நினைத்துக் கோபத்தில் அழுதாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. பாம்பூஃப்ளாட்டில் ராசம்மாவின் முன்னறை காலியாக இருந்தது. அப்பன் பேச்சை மீறி வந்தவளுக்குப் போவதற்கு அந்த ஓர் இடம்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பாஸ்டர், "ஜெபம் பண்ணிட்டுப் போம்மா" என்றார். இருவரும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார்கள். எழுந்தபோது பாஸ்டரின் கண் கலங்கியிருந்தது.

"யாராச்சும் கேட்டா, உடம்பு சரியில்லாம ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்."

"வேண்டாம் பாஸ்டர். நடந்ததச் சொல்லுங்க."

"நடந்ததச் சொன்னா என்னப் பாத்துச் சிரிப்பாங்கம்மா!"

"கொஞ்ச நாளைக்குச் சிரிப்பாங்க" என்றாள் ஷீலா. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் படியிறங்கினாள்.