கரை வரவில்லை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் நிலையாக இருந்ததில்லை. காசிமேட்டில் இறால் உரித்தேன். கொச்சியில் மீன் பேக்கிங், சூரத்தில் சேலைக்குக் கல் ஒட்டும் வேலை, கடைசியாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி. ஒரு வேலை பழகிப்போனதும் கால் அரிக்க ஆரம்பிக்கும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நடுநடுவே ராயபுரத்தில் அக்கா வீட்டில் வந்து தங்குவேன். மாமா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒரே அறைதான், ஆனால் எனக்கென்று ஒரு மூலையை அக்கா எப்போதும் விட்டு வைத்திருப்பாள்.

குரோஷா எனக்குத் திருப்பூர் ஹாஸ்டலில் வந்த பழக்கம். பக்கத்துக் கட்டிலில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கொக்கி வைத்த சின்ன ஊசியால் எந்நேரமும் பின்னிக்கொண்டிருப்பாள். அவளிடம் கற்றுக்கொண்டது ஆறு மூலைக் கட்டம் மட்டும்தான். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும், ஆறு மூலையிலும் ஒரே ஓட்டையில் இரண்டு முறை. அது தெரிந்தால் போதும். நேரமும் நூலும் இருந்தால் கட்டங்கள் தானாகச் சேரும்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது வந்தவள், யானைக்கவுனியில் எடைக்குப் போடும் மிச்ச உல்லன் நூலைப் பை நிறைய வாங்கி வந்தேன். மஞ்சள், கத்திரிப்பூ நிறம், பச்சை, ஆரஞ்சு என்று ஒன்றோடொன்று சேராத நிறங்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்குடி இது? மெட்ராஸ் வெயில்ல கம்பளி போத்திக்கினு சாவவா?"

"எனக்குக் குடு," என்றார் மாமா. "நடுக்கடல்ல ராவுல அடிக்கிற காத்து உங்க அக்காவுக்கு இன்னா தெரியும்? எலும்புக்குள்ள பூந்துக்கும்."

அப்படித்தான் அது மாமாவின் போர்வை ஆனது. பாதி ஆனபோது தரையில் விரித்துக் காட்டினேன். தேன்கூடு மாதிரி அழகாக இருந்தது. ஆனால் நான்கு பக்கமும் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது. மாமா அந்தப் பற்களுக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார்.

"கொழுந்தியா, சோக்காத்தான் கீது. ஆனா போட்டுல இப்படி தொங்கிக்கினு எதுவும் ஆவாது. வலை இழுக்குற மெஷின்ல மாட்டிச்சின்னா போர்வைய மட்டும் இழுக்காது, போத்திக்கினு கீறவனையும் சேத்து இழுக்கும். நாலு பக்கமும் நேரா இருக்கணும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவரோடு போன ஒருவருக்கு லுங்கி மாட்டிக் கால் போனது எனக்கும் தெரியும். அன்றிலிருந்து அந்தப் பற்களை உள்ளே மடித்துத்தான் போர்வையை எடுத்து வைப்பேன். போர்வை முடிவதற்குள் மாமா கடலுக்குப் போய்விட்டார். "அடுத்த தபா எடுத்துக்கினு போறேன்" என்றார்.

ஓரத்தை நேராக்க இரண்டு பக்கத்துக்குப் பாதிக் கட்டம் வேண்டும், மற்ற இரண்டு பக்கத்துக்கு முக்கோணம். முழுக்கட்டம் மாதிரி சுற்றிக்கொண்டே போக முடியாது, ஒவ்வொரு வரிசையிலும் திரும்பி வரவேண்டும். எனக்குத் திரும்பி வந்து பழக்கமில்லை. நான் போட்ட பாதிக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சுருங்கி, ஓரம் முழுவதும் சாய்ந்துகொண்டு போனது.

அதற்குள் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தது. படகுகளையெல்லாம் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தன. மாமாவின் படகு வரவில்லை. வந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா வீட்டைக் கூட்டினாள். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள்.

அன்று மத்தியானம் தேனித் தோழிக்குப் போன் போட்டேன். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது, தெருக்குழாய் பக்கம் போய்த்தான் பேசவேண்டும். அங்கே ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல், இன்னொரு பக்கம் காற்று. கத்தித்தான் பேசினேன். போர்வை ஓரத்துக்கு அவள் சொல்லும் வார்த்தை 'கரை'. சேலைக்கரை, வேட்டிக்கரை மாதிரி. எங்கள் தெருவில் சேலைக்கு பார்டர் என்போம். கரை என்றால் எங்களுக்கு ஒன்றுதான். நான் அதை யோசிக்கவில்லை, அவள் வார்த்தையிலேயே அவளோடு பேசினேன்.

"இன்னா பண்ணாலும் கரை வர்லடி! ஒரு பக்கமா சாஞ்சிக்கினே போவுது!"

"திரும்பும்போது சங்கிலி போட்டியா புள்ள?"

"இன்னாது? கேக்கல! மொதல்ல நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சு. இப்ப பாதிலயே நிக்குது! அவ்ளோதான் போல, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது!"

வரிசை முடிவில் ஒரு சங்கிலிப் பின்னல் கூடுதலாகப் போட்டுவிட்டுத் திருப்பவேண்டும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அதுதான் விட்டுப்போயிருக்கிறது. சந்தோஷமாகத் திரும்பி நடந்தேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

எங்கள் தெருவில் வேளைகெட்ட வேளையில் ஒரு வாசலில் அத்தனை செருப்பு கிடந்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். உள்ளே அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கையையும் இரண்டு பெண்கள் பிடித்திருந்தார்கள். ஒருத்தி மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நின்ற பெண்ணிடம், "இன்னாச்சி?" என்று கேட்டேன்.

"போட்டு சாஞ்சிடுச்சாம். பாதி வழியிலயே நின்னுபோச்சாம்."

நானும் அக்கா காலடியில் விழுந்து அழுதேன். எவ்வளவு நேரம் அழுதேனோ. கடைசியில் அக்காதான் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"யாருடி உனக்குப் போன் பண்ணது? யாரு சொன்னாங்க? சொல்லித் தொலடி!"

"எனக்கா? எனக்கு யாரும் சொல்லலியே!"

எதிர்வீட்டு மீன்கார அம்மா முன்னால் வந்தாள். "இன்னாமே இப்படி மாத்திப் பேசுற? கொயாயாண்ட நின்னு நீதானே கத்திக்கினு இருந்தே? கரைக்கு வர்ல, சாயுது, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு? கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்தேன்மே நான்!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எழுந்துபோய் மூலையில் கிடந்த போர்வையை எடுத்து விரித்தேன். கோணலான ஓரத்தைக் காட்டி, "இந்தக் கரை" என்றேன்.

எல்லோரும் குனிந்து அந்த ஓரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி சிரித்தாள். "கலர் கலரா ஒரு துணிக்கு ஒப்பாரி வெக்க வுட்டாளே, கயிதே!" என்று மீன்கார அம்மா என் முதுகில் ஓங்கி அடித்தாள். அக்காவும் சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உங்க வூட்டுக்காரரு அவங்க போட்டுல வரச்சொல்ல இவங்க போட்ட பாத்தாரில்ல? வந்துகினு கீறாங்கன்னு அவரு சொல்லித்தானே நான் தெம்பா இருந்தேன்" என்றாள்.

மீன்கார அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க வூட்டுக்காரரா? அவரு பாக்கலியே. நீ உங்க வூட்டுக்காரராண்ட போன்ல பேசிட்டேன்னு இல்ல நாங்க நெனச்சிக்கினு கீறோம்."

"நான் பேசலக்கா," என்றாள் அக்கா.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லோரும் யாரோ சொல்லிக் கேட்டவர்கள்தான். படகோடு பேசியவர் என்று அந்த அறையில் ஒருவரும் இல்லை. சற்று முன் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது யாரும் அழவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் துறைமுகத்துக்கு ஓடினோம். என் கையில் போர்வை இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியாது.

படகின் ஓனர் வொயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. அவருக்கும் அப்போதுதான் முகம் வெளுத்தது. திரும்பி வரும் மற்ற படகுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. தடுப்புப் பாறைகள் மேல் அலை மோதி எங்கள் மேல் தெறித்தது. அக்கா வடக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதையும் பார்க்கவில்லை. சாயுது, பாதியில் நிக்குது, ஒண்ணும் பண்ண முடியாது என்று நான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் ஆள் இருக்கும் வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தைகளை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். போர்வையின் பற்களில் விரலை மாட்டி இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெளிச்சம் குறையும் நேரத்தில் வொயர்லெஸ் கரகரத்தது. எண்ணூருக்கும் வடக்கே, வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், இன்ஜின் நின்று நீரோட்டம் இழுத்துக்கொண்டு போன மாமாவின் படகை ஒரு படகு பார்த்துவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

மாமா இறங்கியபோது பல் தந்தி அடித்தது. அக்கா என் கையிலிருந்த போர்வையைப் பிடுங்கி அவர் மேல் போர்த்தினாள். மீன்கார அம்மா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "நைனா, போட்டு சாஞ்சிச்சா?" என்று கேட்டாள்.

"சாயாம இன்னா? ஒரு பக்கம் தண்ணி ஏறிக்கிச்சு. மத்தியானம் அவ்ளோதான்னு நெனச்சோம்."

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் தெருவில் இருக்கிறது. என் வாயால்தான் தேடினார்கள், அதனால்தான் கிடைத்தது என்று சிலர் சொல்கிறார்கள். என் வாயால்தான் சாய்ந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கே எது என்று தெரியாது.

பாதிக் கட்டம் அத்தனையும் பிரித்து, சங்கிலி சேர்த்து மறுபடி போட்டேன். கடைசியில் நான்கு பக்கமும் ஒரு சுற்று. அக்கா ஒரு பிரம்பை ஓரத்தோடு வைத்துப் பார்த்தாள், நேராக இருந்தது. கடல் அடங்கி, இன்ஜின் சரியாகி, ஒரு விடியற்காலையில் மாமா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். கொச்சிக்குக் கிளம்பலாம் என்று எடுத்து வைத்திருந்த பையை நான் மறுபடி பிரித்தேன். அவர் வரட்டும், பிறகு பார்க்கலாம்.

அன்று பகலில் தோழியின் போன் வீட்டுக்குள் ஒரு தரம் அடித்து அறுந்துபோனது. குழாயடிக்குத்தான் போகவேண்டியிருந்தது. மீன்கார அம்மா குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, கரை வந்துருச்சா?"

என் காதில் போனைப் பார்த்ததும் மீன்கார அம்மா குழாயை மூடினாள். குடம் நிறையவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று லாரி எதுவும் போகவில்லை. கத்தவேண்டிய அவசியமே இல்லை.

"வந்துடுச்சுடி!" என்று கத்தினேன். "கரை வந்துடுச்சு! நேரா வந்துடுச்சு!"

அவள் குழாயைத் திறந்தாள்.