ரூட்கரின் கடைவாய்க் குழி

ரூட்கரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை.

எங்கள் வட சுவீடனில் செப்டம்பர் முதல் திங்களன்று மூஸ் மான் வேட்டை தொடங்கும். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். பத்தொன்பது வருடமாக அவன்தான் தலைவன். யார் எந்தப் பரணில் உட்கார வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று ரேடியோவில் அவன் வைத்ததே சட்டம். அந்த ரேடியோவைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் மிச்சம் மீசையும் ஸ்னூஸ் டப்பாவும்தான். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்குகிற அந்த ஈரப் புகையிலையைத் தூக்கத்தில்கூட எடுக்கமாட்டான்.

மூன்று வருடமாகக் கடைவாயின் ஞானப்பல் குடைந்தது. துரைக்கு எங்கள் பல் மருத்துவமனைக்கு வர நேரமில்லை. கடைசியில் வேட்டைக்கு நாலு நாள் முன்பு வீங்கிய முகத்தோடு வந்து நின்றான். டாக்டரம்மா பல்லை மூன்று துண்டாக்கி எடுத்து, ஈறில் இரண்டு தையல் போட்டாள். அங்கே நர்ஸாக இருக்கும் நான்தான் பத்தியம் சொன்னேன்.

"யோவ், நல்லாக் கேளு. அந்தக் குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கும். அதுமேலதான் ஈறு மூடணும், எலும்பு வளரணும். அது பெயர்ந்துச்சுன்னா செத்த! கொப்புளிக்கிறது, உறிஞ்சுறது, துப்புறது எதுவும் இன்னிக்கு வேணாம். நாளையிலேருந்து உப்புத் தண்ணி வாயில வச்சு மெல்ல விடு. ஸ்னூஸ மறந்துடு."

"பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான்டி, டீச்சரவிட நாலு மடங்கு பேசுவ."

சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் பார்த்தேன். உள்ளே ஸ்னூஸ் அடக்கி, மேலுதடு புடைத்திருந்தது.

"இது மேல. புண்ணு கீழ. நடுவுல நாக்கு காவலுக்கு இருக்குல்ல?" என்று சிரித்தான்.

செவிடன் காதில் சங்கு. மறுநாள் காதுவரை வலி என்று போனில் அழுதான். ஞாயிறென்றும் பாராமல் டாக்டரம்மா கதவைத் திறந்தாள். உறைந்த ரத்தம் போய், குழிக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நாற்றம் வேறு. கழுவி, மருந்துத் துணி வைத்து, வீட்டில் கிட என்றாள்.

"நாளைக்கு நான் போகலைன்னா நம்ம குழுவுல அந்த யெர்கெர் ரேடியோவ எடுத்துப்பான். அப்புறம் தரவே மாட்டான்" என்றான். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது, அரை நிமிடம்.

திங்கள் காலை பரணில் இருந்தான். மரம் வெட்டிய வெளிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் என் பரண். நாய்கள் ஒரு பெரிய கொம்பு மானை நேராக அவனிடம் ஓட்டி வந்தன. துப்பாக்கியைத் தூக்கினான். குறி பார்க்கக் கன்னத்தைக் கட்டையில் அழுத்த வேண்டுமே! அழுத்தியதுதான் தாமதம், "ஐயோ!" என்று அலறினான். மான் நின்று அவனைப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் காட்டுக்குள் நடந்தது.

ரேடியோவில் யெர்கெர் கேட்டான். "ரூட்கர், உன் பக்கந்தான் வந்துச்சு. பாத்தியா?"

"இல்லப்பா. இங்க ஒண்ணுமே வரல."

வலிக்குது என்று சொல்லியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். குறி தப்பினாலும் மன்னிப்போம். ஆனால் எந்தப் பக்கம் மான், எந்தப் பக்கம் ஆள் என்று ரேடியோவில் வருகிற வார்த்தையை நம்பித்தான் பன்னிரண்டு பேரும் குண்டு போட்ட துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறோம். அங்கே பொய் சொன்னான், வெட்கங்கெட்டவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்துச்சு. இருபது மீட்டர்ல நின்னுச்சு. நான் பாத்தேன்" என்றேன்.



சாயங்காலம் எங்கள் வேட்டைக் குடிசையில் அவனாகவே ரேடியோவை மேசைமேல் வைத்தான். யாராவது "நீயே வச்சுக்கோ" என்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யெர்கெர் அதை எடுத்துச் சார்ஜில் போட்டான்.

மருந்துத் துணி மாற்ற ஒழுங்காக வந்தான். வசந்தத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். குழி நிறைய எலும்பு வளர்ந்திருந்தது. ரேடியோ இன்னும் யெர்கெரிடம்தான் இருக்கிறது.