கடைசியாகக் கை வைத்தவர்

எண்பதுகளில் நிந்தவூரில் விஞ்ஞானம் படிப்பித்த என்னிடம் ஒரு பழைய காரும், அதைத் திருத்துவதற்கான தடித்த புத்தகமும் இருந்தன. புத்தகம் வந்த பிறகுதான் கார் அடிக்கடி நின்றது.

அன்று பின்னேரம் என் மூத்த சகோதரி ராத்தாவின் மகனை மாப்பிள்ளையாக ஏற்றிப்போக வேண்டும். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. காலையிலிருந்து பிளக்குகளையும் வயர்களையும் கழற்றிப் பூட்டிப் பார்த்தேன்; ஹோர்னைக்கூடக் கழற்றி வைத்தேன். ராத்தா இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை அந்த வழியாக வந்தார். மடித்துக் கட்டிய சாரன், தோளில் மண்வெட்டி. எதையும் தொடுமுன் கையைச் சாரனில் துடைத்துக்கொள்வது அவர் பழக்கம்.

"சேர், இது நிக்கிறதுக்கு முன்ன இதில கடைசியா எங்க கை வெச்ச நீங்க?"

"உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்கும் எண்டு, நேத்து பேட்டரி வயரக் கழட்டி, அது பூட்டுற இடத்துக்குப் பெயிண்ட் பூசின நான்," என்றேன் பெருமையாக.

அவர் கையைத் துடைத்தார். வயரைக் கழற்றச் சொல்லி, கத்தியால் பெயிண்டைச் சுரண்டினார். திரும்பப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். கார் உறுமியது. மின்சாரத்தை மறித்தது என் பெயிண்ட்தான்.

"காக்காக்கு மெக்கானிக் வேலையும் தெரியுமா?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"கார் எனக்குத் தெரியா, சேர். தண்ணி வராட்டி, வாய்க்கால்ல கடைசியா மண்வெட்டி போட்ட ஆளத்தான் நாங்க முதல்ல தேடுற."

அந்த ஆள் எதிரிலேயே ஸ்பேனரோடு நிற்க, அவர் என் முகத்தைப் பார்க்காமல் வயலைப் பார்த்தபடி சொன்னார். அந்த மரியாதையை நினைத்துக்கொண்டே ஓட்டியதில், ஹோர்னைப் பூட்ட மறந்துபோனேன். மாப்பிள்ளை சத்தமில்லாமல் பெண் வீடு போய்ச் சேர்ந்தார். அதிலும் கடைசியாகக் கை வைத்தவன் நான்தான்.