ஐந்து விரல் குஞ்சு

கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு நான் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்காவின் கோழி காணாமல் போனது. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கெட்ட நேரம், அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு.

அக்காவுக்குத் தஞ்சாவூர். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஃபாக்டரி. ஊர்விட்டு ஊர் வந்த எனக்கு ஸ்டவ்வுக்குத் திரி போடுவதிலிருந்து மார்க்கெட்டில் பேரம் பேசுவது வரை கூட இருந்தவர் அவர்தான். அந்தக் கோழி பெங்களூரில் இருந்த அவருடைய தம்பி கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் வரிசையில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. உடம்பெல்லாம் இறகு மாதிரி இருக்காது, வெள்ளைப் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது மாதிரி இருக்கும். தலையில் ஒரு பஞ்சுக் குஞ்சம். கால் விரல் வரைக்கும் முடி. பிள்ளைகள் அதை பூட்ஸ் கோழி என்பார்கள். மற்ற கோழிக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. இதற்குப் பின்னால் இரண்டு. ஐந்தாவது விரல் மேல்நோக்கி வளைந்திருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா அதன் காலைத் தூக்கிக் காட்டுவார்.

அன்று சாயங்காலம் அது கூட்டுக்கு வரவில்லை. நானும்தான் கூடப் போய்ப் புதர் புதராகத் தேடினேன். திரும்பி வரும்போது அக்கா எங்கள் கொல்லைப்புறக் குப்பையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அதில் கோழிக்கடைத் தாளோடு வந்த நாலைந்து வெள்ளை இறகு, கழுவின தண்ணீரில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. நனைந்து போன இறகைப் பார்த்து இது எந்தக் கோழியுடையது என்று யார் சொல்ல முடியும்?

"உங்க வீட்டுக் குழம்பு வாசனை மத்தியானம் தெருக்கோடி வரைக்கும் வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் தேவலை. "நான் திருடலக்கா" என்று கத்தியிருப்பேன். எதுவும் கேட்காதவரிடம் போய் என்னத்தைச் சொல்வது? மறுநாளிலிருந்து குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றது. கொத்தமல்லி கடன் கேட்டு வருகிறவர்கள் வருவதில்லை. அக்கா வீட்டுக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும், அதுவும் சாத்திக்கொண்டது. என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "கோழி தானா வரும், விடு" என்றார். அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை என்று எனக்கு அவர்மேல்கூடக் கோபம்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. கீரி பிடித்திருக்கும் என்று சிலர் சொன்னார்களாம். பிடித்திருந்தால் பஞ்சு சிதறிக் கிடந்திருக்காதா என்று மற்றவர்கள் கேட்டார்களாம்.

ஒரு நாள் காலையில் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மதில் சுவரின் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக ஒரு கோழிக்குஞ்சு உள்ளே வந்து கீச்கீச்சென்று அலறியது. பிறந்து ஒரு வாரம் இருக்கும். பழுப்பு நிறம், முதுகில் கருங்கோடு, சாதாரண நாட்டுக்கோழிக் குஞ்சு மாதிரிதான். ஆனால் கழுத்தில் மட்டும் ஒரு முடி இல்லை, சிவப்பாக வெறும் தோல். தொண்டைக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னக் கொத்து.

கொல்லைச் சந்து வழியாகப் போன எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது அந்த மொட்டைக்கழுத்துச் சேவலோட குஞ்சு. ஊர்க்காரங்களுது" என்றார்.

அந்தச் சேவலை எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நெல் வயல், பிறகு அண்ணனூர் ஷெட்டுக்குப் போகிற ரயில் லைன். வயலோரத்து வீட்டுச் சேவல் அது. கழுத்தில் ஒரு இறகு கிடையாது. விடிந்தால் எங்கள் மதில்மேல் ஏறி நின்று கூவும்.

அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று குஞ்சைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் ஏதோ மெத்தென்று பட்டது. திருப்பிப் பார்த்தால், கால் முழுக்க ரோமம். தலையில் ஒரு சின்ன உப்பல், தொப்பி வைத்தது மாதிரி. விரலை எண்ணினேன். நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன். பின்னால் இரண்டு. ஒன்று மேல்நோக்கி வளைந்திருந்தது.

கையைக்கூடக் கழுவவில்லை. ஓடிப்போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் குஞ்சைப் பார்த்தார். குஞ்சின் காலை மட்டும் அவர் கண் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

வெகுநேரம் பார்த்தார். விரலால் தொட்டு எண்ணினார்.

"நம்ம கோழியோட குஞ்சுதாம்மா" என்றார்.

பின்னாலேயே வந்த எதிர் வீட்டம்மா விடவில்லை. "அங்க போயி எப்பவோ முட்டை விட்டிருக்கும். அதுக்கப்புறம் என்ன ஆச்சோ?" என்றார்.

அக்கா சட்டென்று திரும்பினார். "முட்டை பொரிக்க மூணு வாரம். குஞ்சுக்கு வயசு ஒரு வாரம். கோழி போயி ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தானே முட்டையே விட்டிருக்கணும்? செத்த கோழியா விடும்?"

எனக்காக அக்கா பேசிக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு பேருமாக மதிலைச் சுற்றி வரப்பில் நடந்தோம். வயலோரத்து வீட்டு வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, கோட்ரஸ்காரங்க இந்தாண்ட வந்துகினு கீறீங்க?"

அக்கா குஞ்சைக் காட்டினார். "இதோட ஆத்தா இங்க இருக்காம்மா?"

"அந்த பூட்ஸ் போட்ட வெள்ளக் கோயியா? வைக்கப்போர் பின்னாடி குந்திகினு கீது. தானா வந்துச்சு, முட்டை வுட்டுச்சு, அடைக்கு உக்காந்துகிச்சு. கிட்டப் போனா கொத்துது. ரயில் லைனாண்ட எதோ ஊட்டு கோயின்னு நெனச்சேன். யாரும் தேடிகினு வரல. உங்குளுதா?"

வைக்கோல் போருக்குப் பின்னால் அது இருந்தது. அழுக்கேறிப் பஞ்சு பழுப்பாகி, இளைத்துப்போய். சிறகுக்கடியிலிருந்து நாலைந்து தலை எட்டிப் பார்த்தன. ஒன்றிரண்டு மொட்டைக் கழுத்து, மற்றவை நல்ல கழுத்து. ஆனால் எல்லாவற்றின் காலிலும் ரோமம். நான் கையிலிருந்ததைக் கீழே விட்டேன். ஓடிப்போய்ச் சிறகுக்குள் புகுந்துகொண்டது.

அக்கா அங்கேயே வைக்கோலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "பாரேன் இவளை! நாம அங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம இருக்கோம், இவ இங்க வந்து குடும்பம் நடத்துறா!" என்றார். நானும் சிரித்தேன். அந்த வீட்டம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குஞ்சுகள் இறகு முளைக்கும்வரை தாய் அங்கேயே இருக்கட்டும், பிறகு பாதியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று பேசி முடிவானது. திரும்பும்போது வரப்பு வழுக்கிய இடத்தில் அக்கா என் கையைப் பிடித்தவர், வீடு வரை விடவில்லை. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே சொல்லிவிட்டேன்.

"கோழி கெடச்சிருச்சுங்க. உசுரோட இருக்கு. குஞ்சு பொரிச்சிருக்கு."

அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நெசமாவா?"

"கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"ரெண்டு மாசமா ஃபாக்டரில என்னை 'என்ன, கொக்கரக்கோ'ன்னுதான் கூப்புடுறானுங்க" என்றார். "டிபன் பாக்ஸைத் தொறந்தா எட்டிப் பாக்குறானுங்க. உன்கிட்ட சொன்னா நீ இன்னும் அழுவேன்னு சொல்லல."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். குஞ்சு எந்த வழியாக வந்தது, கழுத்து எப்படி இருந்தது, எத்தனை விரல், யார் யார் பார்த்தார்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் சின்னப் பிள்ளை மாதிரி "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.